கறுத்த எண்ணெய்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுகிற அரசுப் பேருந்து சின்ன கியரிலேயே முனகிக்கொண்டு போகும். அந்த முனகலுக்குள் பிஸ்டனும் சிலிண்டரும் உரசிப் பொசுங்காமல் காப்பது முடியளவுகூடத் தடிமன் இல்லாத ஓர் எண்ணெய்ப் படலம். எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

நம் வெயிலில் டீசல் வண்டிக்கு வழக்கமாக ஊற்றுவது 15டபிள்யூ-40 எண்ணெய். முதல் எண், குளிர்ந்த எஞ்சினில் அது இளகி ஓடும் தன்மையைச் சொல்வது. 40 என்பது 100 டிகிரிச் சூட்டிலும் தண்ணீராகிவிடாத கெட்டியைச் சொல்வது.

பணிமனையில் அளவுக் கம்பியை உருவிப் பனியன் வேஸ்ட்டில் துடைத்தால் எண்ணெய் மை போல வரும். கெட்டுவிட்டதோ என்று பதறுவோர் உண்டு. டீசல் கரியை ஓரிடத்தில் திரளவிடாமல் தனக்குள் மிதக்க வைத்திருப்பதால் வந்த கறுப்பு அது. எரியும்போது உண்டாகும் அமிலத்தையும் அதிலுள்ள காரச் சேர்மானம் முறித்துவிடும். எவ்வளவு அழுக்கை வாங்கிக்கொள்கிறது!

ரோந்து ஜீப்பும் ஆம்புலன்ஸும் நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓட நிற்கும். கிலோமீட்டர் கணக்கு நகராது. எண்ணெய் மட்டும் உழைத்துக்கொண்டிருக்கும். எஞ்சின் ஓடிய மணி நேரத்தையும் பார்த்து எண்ணெய் மாற்றுகிற மெக்கானிக்கைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.