ஏக்கமும் ஏலமும்: தொண்ணூறுகளின் பங்க் இசை பற்றிய ஒரு நோக்கு

சென்ற காலத்தின் இசையை எண்ணி ஏங்குதல் மேலைநாடுகளில் புதிதன்று. ஆயின் 1990களின் பங்க் இசையையும், அதன் வழிவந்த மாற்று றொக் இசையையும் குறித்து அமெரிக்காவில் இன்று நிலவும் ஏக்கத்தில் விசித்திரமானதொரு முரண்பாடு உண்டு. விற்பனைக்கு அடங்க மறுத்த இசை எனப் புகழ்பெற்ற ஒன்று, அம்மறுப்பின் பேராலேயே உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றது. நிர்வாணா குழுவின் பாடகர் கேர்ட் கொபெயின் 1993இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாசித்த கித்தார், 2020இல் அறுபது இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகைக்கு ஏலம் போயிற்று. அதே நிகழ்ச்சியில் அவர் அணிந்திருந்த பழைய பின்னலாடையின் விலை 2019இல் 334,000 டொலர். அது துவைக்கப்படாத நிலையிலேயே விற்கப்பட்டது. ஏலக்காரருக்கும் ஓர் அழகியல் உண்டு போலும். அக்குழுவின் முதல் இசைத்தட்டு 1989இல் வெளிவந்தபோது, அதன் ஒலிப்பதிவுக்கு ஏறத்தாழ 600 டொலரே செலவாயிற்று என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்வேக்கத்தை, நடுவயதெய்திய ஒரு தலைமுறையின் இளமை நினைவு என்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் கொபெயின் மறைந்த 1994ஆம் ஆண்டில் பிறந்தேயிராத இளைஞரும் அவர் குழுவின் பெயர் பொறித்த மேற்சட்டைகளை அணிகின்றனர். தாம் வாழாத காலத்தை இவர்கள் நினைவுகூர முடியாது. எனவே அவர்கள் தேடுவது வேறொன்றாதல் வேண்டும்.

அஃது யாது? கலிபோர்னியாவின் பேர்க்ளி நகரில், கில்மன் வீதியில், தொண்டர்களால் நடத்தப்படும் சிறிய இசைமன்றம் ஒன்று 1986இன் இறுதிநாளிலே தொடங்கப்பட்டது. பெரும் கம்பனிகளோடு ஒப்பந்தம் செய்த குழுக்கள் அங்கே பாடக் கூடாது என்ற விதி உருவாயிற்று. அம்மன்றத்திலேயே வளர்ந்த கிறீன் டே குழுவினர் பெருங்கம்பனி ஒன்றோடு ஒப்பந்தம் செய்து, 1994இல் 'டூக்கி' இசைத்தட்டால் உலகப் புகழ் பெற்றபோது, சொந்த வீட்டின் கதவு அவர்களுக்கு அடைபட்டது. அவர்கள் விலைபோனவர்கள் எனப் பழிக்கப்பட்டனர். அப்பழி நியாயமானதா என்பது விவாதத்துக்குரியது. கடுமையும் சில்லறைத்தனமும் அதிற் கலந்திருந்தன. எனினும் கலைஞன் ஒருவன் விலைபோகலாம், ஆகவே விலைபோகாதிருக்கவும் கூடும் என்ற நம்பிக்கை அப்பழியினுள் உறைந்திருந்தது. இன்று விளம்பரத்துக்குப் பாட்டைக் கொடுக்கும் இசைஞனை எவரும் அவ்வாறு ஏசுவது அரிது. ஏச்சு மறைந்தபோது அதன் பின்னிருந்த நம்பிக்கையும் மறைந்தது. ஏக்கத்தின் உண்மைப் பொருள் ஓசையன்று, இந்நம்பிக்கையே எனலாம்.

இம்மாற்றம் இரசனை மாற்றத்தால் மட்டும் நேர்ந்ததன்று. 1996ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடெங்கும் வைத்திருக்கக்கூடிய வானொலி நிலையங்களின் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பை நீக்கியது. சில ஆண்டுகளுள் ஒரு நிறுவனம் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களைக் கைக்கொண்டது.

அதேவேளை அக்காலத்தைப் பொற்காலமாக்குதலும் பொருந்தாது. 1992 ஜனவரியில் மைக்கல் ஜக்சனின் இசைத்தட்டை முதலிடத்திலிருந்து இறக்கிய 'நெவர்மைண்ட்', பெருங்கம்பனியொன்றின் வெளியீடே. இசையரங்குகளின் முன்வரிசையில் ஆண்களின் முரட்டுத்தனம் பெண்களைப் பின்னே தள்ளியது. அதனை எதிர்த்தே கத்லீன் ஹானாவும் 'பிகினி கில்' குழுவினரும் பெண்களை முன்னே வருமாறு அழைத்தனர். இன்றைய ஏக்கமோ கொபெயினின் துயர முகத்தை அச்சிடும் அளவுக்கு இப்பெண்களின் கோபத்தை அச்சிடுவதில்லை. கோபம் மேற்சட்டைக்கு உகந்ததன்று போலும்!

கடந்ததை நினைத்தல் முழுவதும் பிற்போக்கு என்பார் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. மேற்சொன்ன தொலைக்காட்சி நிகழ்ச்சியின் இசைத்தட்டில் உள்ள பதினான்கு பாடல்களில் ஆறு பிறருடையவை. இறுதியில் ஒலிப்பது, 1949இல் இறந்த கறுப்பினப் பாடகர் லெட் பெல்லி வழிவந்த நாட்டார் பாடல். அங்கே பழமை, கடனாக ஒப்புக்கொள்ளப்பட்டது, உடைமையாக்கப்படவில்லை.

வாஷிங்டன் நகரின் புகாசி குழுவினரின் செயல் இதனினும் தெளிவானது. ஐந்து டொலர் அளவான நுழைவுக் கட்டணத்துக்கு, எவ்வயதினரும் வரக்கூடிய நிகழ்ச்சிகளையே அவர்கள் நடத்த முயன்றனர், மேற்சட்டைகள் விற்கவில்லை. 2002இன் பின் அவர்கள் மேடையேறவில்லை. மீண்டும் கூடிப் பாடும் பெருவிழாக்களுக்குப் பதிலாக, தம் பழைய நிகழ்ச்சிகளின் நூற்றுக்கணக்கான ஒலிப்பதிவுகளை 2011 முதல் அதே ஐந்து டொலர் அளவில் வெளியிடலாயினர். அவை செப்பனிடப்பட்ட நினைவுச்சின்னங்கள் அல்ல. தவறிய சுருதியும், கூட்டத்தில் அடிதடி செய்வோரைப் பாட்டை நிறுத்திக் கண்டிக்கும் இயன் மக்கேயின் குரலும் அவற்றில் அவ்வாறே கேட்கின்றன.