சாவியை யாரிடம் கொடுப்பது?

ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய 'தி டெத் அண்ட் லைஃப் ஆஃப் கிரேட் அமெரிக்கன் சிட்டீஸ்' புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'தெருவைப் பார்க்கும் கண்கள்' என்ற கருத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த அத்தியாயம். அதில் ஒரு சாவி வருகிறது.

நியூயார்க்கில் ஜேக்கப்ஸ் குடியிருந்த ஹட்சன் தெருக்காரர்கள், நண்பர் யாராவது வந்து தங்குவதாக இருந்தால் வீட்டுச் சாவியைத் தெருக்கடைக்காரரிடம் விட்டுப் போவார்கள். அவர் பொறுப்பானவர். அதைவிட முக்கியம், வருவது யார், எதற்கு என்று கேட்க மாட்டார். அவரோடு உட்கார்ந்து காபி குடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நடைபாதையில் இப்படி அளவான பழக்கம் இல்லாத இடத்தில், ஒன்று எல்லாவற்றையும் பகிர வேண்டும், இல்லையென்றால் பழகவே கூடாது என்றாகிவிடும் என்கிறார் ஜேக்கப்ஸ்.

நான் இருக்கும் சென்னை அபார்ட்மெண்ட்டில் இந்த இரண்டுமே நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. ஆனா என் வீட்டுக்கு வருகிறவரின் போட்டோவும் போன் நம்பரும் கேட் ஆப்பில் பதிவாகிவிடும். சாஃப்ட்வேர்காரனாகச் சொல்கிறேன், ஒரு வேலைக்குத் தேவைப்படாத தகவலைக் கேட்காமல் இருப்பதுதான் நல்ல டிசைன். ஜேக்கப்ஸின் கடைக்காரருக்கு அது தெரிந்திருந்தது.

நான் தயங்குவது வேறு இடத்தில். இதற்கு முன் வாடகைக்கு இருந்த தெருவில், முதல் வாரமே டீக்கடைக்காரர் கேட்டார்: "தம்பி, எந்த ஊரு?" சொன்னேன். "ஊருக்குள்ளயா, காலனிப் பக்கமா?" டீ ஆறிப்போனதுதான் மிச்சம். அதுவும் கலகலப்பான தெரு. கண்களுக்குக் குறைவே இல்லை.

ஜேக்கப்ஸ் பாகுபாட்டை மறந்துவிடவில்லை. நடைபாதை அதைத் தானாக ஒழிக்காது, ஆனால் நாகரிகமான பொதுவாழ்க்கை இல்லாத இடத்தில் அதை ஒழிப்பது மிகக் கடினம் என்கிறார். நம்ம ஊரில் வரிசை தலைகீழ் என்று நினைக்கிறேன். அந்த இரண்டாவது கேள்வி நின்றால்தான் நடைபாதையே எல்லோருக்கும் பொதுவாகும்.

இப்போது என் சாவி, கேட்டுக்கு வெளியே வண்டி போட்டிருக்கும் இஸ்திரி அண்ணனிடம் இருக்கிறது. நாலு வருஷமாகிறது, ஒரு கேள்வி கேட்டதில்லை. ஜேக்கப்ஸின் கடைக்காரர் கிடைத்துவிட்டார் என்று ரொம்ப நாள் சந்தோஷமாக இருந்தேன். அவர் கேட்காதது பண்பா, இல்லை அபார்ட்மெண்ட்காரனிடம் கேட்க முடியாது என்பதாலா? அந்தச் சந்தேகம் வந்த பிறகு, அத்தியாயத்தை மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன்.