எது அடி?

1802 ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைப் பரங்கிமலைக்கு அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். கருவி, 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. வெயில் ஏறினால் எஃகு நீளும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, கூடவே வெப்பமானியும் வைத்து, நீட்சியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே போனார்கள். சுமார் ஏழரை மைல் கோடு அது. காலையில் கிளம்புகிறவர் உச்சிவெயிலுக்கு முன் நடந்து முடித்துவிடுவார். அளந்து முடிக்க 57 நாள் ஆயிற்று.

முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்துவிட்டால், மற்றப் பக்கங்களைத் தரையில் அளக்க வேண்டியதில்லை, கணக்கே சொல்லிவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. பின்னாளில் இமயம்வரை போன அந்த மாபெரும் நில அளவை பரங்கிமலைக் கோட்டிலிருந்துதான் புறப்பட்டது. கோட்டில் ஓர் அங்குலம் பிசகினால், அந்தப் பிசகு முக்கோணத்துக்கு முக்கோணம் ஏறிக்கொண்டே போகும்.

ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட கோட்டின் பெயரில் 'பேஸ்' என்ற சொல் இருக்கிறது. வேதியியல், எண் கணிதம், சொல்லிலக்கணம், சமூகவியல் எல்லாவற்றிலும் அதே சொல்தான். தமிழில் அது காரமாகவும் அடிமானமாகவும் பகுதியாகவும் அடித்தளமாகவும் பிரிந்து கிடக்கிறது. ஒரே சொல்லில் அடக்கியிருக்கலாமே என்று மாணவனாக இருந்தபோது ஏங்கியிருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு துறையும் எதை அடி என்று எடுத்துக்கொள்கிறது, எதற்காக எடுத்துக்கொள்கிறது என்பதை இந்தப் பிரிவே காட்டிக்கொடுக்கிறது.

வேதியியலில் இந்தச் சொல்லுக்கு வாழ்வு கொடுத்தவர் கியோம் பிரான்சுவா ரூவெல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1754இல் அவர் வைத்த விளக்கம் இது: ஆவியாகிப் போகக்கூடிய அமிலத்தோடு சேர்ந்து, அதற்குத் திடமான உடலைக் கொடுத்து உப்பாக நிறுத்தும் பொருளே 'பேஸ்'. அதாவது உப்பின் ஆதாரம். தமிழ்நாட்டுப் பாடநூல் சொல்லும் 'காரம்' வேறொரு வழியாக வந்தது. வெங்காரம், படிகாரம், சவுக்காரம் என்று வைத்தியரும் வண்ணாரும் கையாண்ட பொருள்களின் பெயர்களில் ஏற்கெனவே குடியிருந்த சொல் அது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'மூலம்' என்கின்றன. ரூவெலின் கருத்துக்கு நெருக்கமானது மூலம்தான். ஆனாலும் விரலில் பட்டால் வழுக்கும் சுண்ணாம்பு நீரை நினைவுக்குக் கொண்டுவருவது காரம். இரண்டும் நம்முடையவை, ஒன்றை விட எனக்கு மனமில்லை.

1923இல் வேதியியலே இந்த அடியைப் பெயர்த்து வைத்தது. புரோட்டானை ஏற்பது காரம் என்று பிரான்ஸ்டெடும் லௌரியும் தனித்தனியே சொன்னார்கள். எலக்ட்ரான் இணையை வழங்குவது காரம் என்று அதே ஆண்டு லூயிஸ் சொன்னார். இதன்படி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் முன் நிற்கும் தண்ணீர் காரம். அம்மோனியாவின் முன் நிற்கும்போது அதே தண்ணீர் அமிலம். யாருக்கு எதிரில் என்று கேட்காமல் எதையும் காரம் என்று முடித்துவிட முடியாது. டிஎன்ஏவில் பெயர் இன்னும் தூரம் போய்விட்டது. அங்கே காரங்கள் நான்கும் அடியில் இல்லை. முறுக்கிய ஏணியின் படிகளாக உள்ளே இருக்கின்றன.

எண்களுக்கு வருவோம். நம் முழு எண்கள் பத்தின் அடிமானத்தில் நடப்பவை. பழந்தமிழ்க் கணக்கின் பின்னங்களோ வேறு பாதையில் இறங்கின. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. ஏன் 320 என்ற கேள்விக்கு, போட்டுப் பார்த்தால் பதில் கிடைக்கும். அரைக்கு 160 முந்திரி, காலுக்கு 80, அரைக்காலுக்கு 40, மாகாணிக்கு 20. இருபதில் ஒன்றான மாவுக்கு 16, எண்பதில் ஒன்றான காணிக்கு 4. பாதிபாதியாக வெட்டும் வரிசையும் இருபதாகப் பங்கிடும் வரிசையும் மிச்சமில்லாமல் உட்காரும் எண் அது. மாகாணியைப் பத்தின் அடிமானத்தில் எழுதினால் 0.0625 என்று நீளும். நெல்லையும் நிலத்தையும் பங்கிடுகிறவருக்கு எது வசதி என்று கேட்டுத் தேர்ந்த அடி இது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இலக்கணம். பகுதி, விகுதி என்ற சொற்கள் பிரகிருதி, விகிருதி என்பவற்றின் தமிழ் வடிவங்கள். 13ஆம் நூற்றாண்டு நன்னூலின் வழியில் 'வந்தான்' என்பதைப் பிரித்தால் வா + த் + த் + ஆன் என்று வரும். வா குறுகி 'வ' ஆனது, சந்தித் தகரம் நகரமாகத் திரிந்தது என்று இரண்டு விகாரங்கள் சொல்ல வேண்டும். வந்தான் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'வா' காதில் விழாது. காதில் விழாத ஒன்றைப் பகுதி என்கிறோம், ஏனென்றால் ஏவலைப் பகுதியாகக் கொண்டால் வினைகளை ஒழுங்காக அடுக்க முடிகிறது. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியின் நோக்கம் வேறு. வருகிறான், வாரான், கன்னடத்தின் 'பரு' ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒப்பிலக்கணக்காரருக்கு, ரகரம் உள்ள வடிவமே பழைய வேராகத் தெரியும். ஒரே வினைக்கு இரண்டு அடிகள். ஒருவர் தமிழைக் கற்பிக்கிறார், மற்றவர் மொழிக்குடும்பத்தின் வரலாற்றைத் தேடுகிறார்.

'அடித்தளம்' என்ற சொல்லுக்காகத் தமிழில் நிறையச் சண்டை நடந்திருக்கிறது. பொருளுற்பத்தி உறவுகள் அடித்தளம், சட்டமும் அரசியலும் அதன்மேல் எழும் மேற்கட்டுமானம் என்று மார்க்ஸ் 1859இல் எழுதினார். பொருளாதாரம் ஒன்றே தீர்மானிக்கிறது என்று தாங்கள் சொல்லவில்லை என 1890இல் ஒரு கடிதத்தில் எங்கெல்ஸ் விளக்க வேண்டியிருந்தது. விளக்கம் எடுபட்டதாகத் தெரியவில்லை. கவிதையை வர்க்கத்தின் நிழலாகப் படித்து முடித்துக்கொண்ட விமர்சனங்கள் நம்மிடம் ஏராளம். விமர்சகர் கா. சிவத்தம்பி அப்படி முடித்துக்கொள்ளவில்லை. 1974இல் வந்த ஆங்கிலக் கட்டுரையில் அவர் சங்கப் பாடல்களின் திணைகளைச் சமமற்ற வளர்ச்சி கொண்ட நிலப்பகுதிகளாகவும் வாழ்முறைகளாகவும் பார்த்தார். குறிஞ்சியும் மருதமும் பாட்டுக்கு வெளியே இருந்த வாழ்க்கையோடு பிணைந்தன. கட்டட உவமையை எடுத்துக்கொண்டவர்கள் கொத்தனாரிடமும் கேட்டிருக்கலாம். மேலே எத்தனை மாடி வரப்போகிறது என்று தெரிந்துகொண்டுதான் அவர் வானம் தோண்டுவார். கடைக்காலின் ஆழத்தை மேலே எழப்போகும் கட்டடமும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

பரங்கிமலைக் கோட்டை அளந்ததோடு லாம்டனும் ஓய்ந்துவிடவில்லை. முக்கோணங்கள் மேற்கே பெங்களூரை எட்டியதும், 1804இல் அங்கே இன்னொரு கோடு தரையில் அளக்கப்பட்டது. அதன் நீளம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று பரங்கிமலையிலிருந்து வந்த கணக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தது. சங்கிலி சொன்னதற்கும் கணக்கு சொன்னதற்கும் இடையே சில அங்குலமே வித்தியாசம். அதற்குப் பிறகுதான் அளவை மேலே நகர்ந்தது.