அனுமதியின் மறுபாதி

கற்பிட்டிக் குடாநாட்டின் மாம்புரியில் கத்தோலிக்கத் தாயும் முஸ்லிம் தாயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது ஒரே கிளினிக்குக்குத்தான். ஒன்பதாம் மாதத்தில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று என, சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான எம்.எம்.ஆர். ஊசி. உலகில் புழங்கும் பெரும்பாலான எம்.எம்.ஆர். ஊசிகளில் ருபெல்லாவுக்கான பாகம், கருக்கலைப்பில் பெறப்பட்ட சிசுவின் கலவழியில், அதாவது அதன் கலங்களிலிருந்து ஆய்வகத்தில் பெருக்கிய கலங்களில், வளர்க்கப்பட்டது. நம் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையோ தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. இந்த ஊசியை நாம் ஏற்கலாமா? ஏற்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் அதோடு பேச்சை முடித்துக்கொள்வது சரியன்று.

1962இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் லெனார்ட் ஹேஃப்லிக், சுவீடனில் கலைக்கப்பட்ட ஏறத்தாழ மூன்று மாதப் பெண் சிசுவின் நுரையீரலிலிருந்து டபிள்யூ.ஐ.-38 கலவழியை உருவாக்கினார். 1966இல் லண்டனில், கலைக்கப்பட்ட இன்னொரு சிசுவிலிருந்து எம்.ஆர்.சி.-5 கலவழி வந்தது. இரண்டு கருக்கலைப்புகளும் தடுப்பூசிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மனிதக் கலத்தை நாடியதற்கும் வலுவான காரணம் இருந்தது. குரங்குச் சிறுநீரகக் கலங்களில் வளர்த்த போலியோ மருந்தில் எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸ் கலந்திருந்தது 1960இல் தெரியவந்தது.

கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் ருபெல்லா தொற்றினால் பிள்ளை கண்புரையோடும் இதயக் கோளாறோடும் காது கேளாமலும் பிறக்கலாம். வயிற்றிலேயே இறந்தும் போகலாம். 1964-65 கொள்ளைநோயில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 20,000 குழந்தைகள் இந்தப் பாதிப்போடு பிறந்தன. அப்போது தொற்றுக்குள்ளாகிக் கலைக்கப்பட்ட கருவொன்றிலிருந்தே ஸ்டான்லி பிளாட்கின் ஆர்.ஏ. 27/3 என்ற தடுப்பூசி வைரஸைப் பிரித்தெடுத்தார். இலங்கை 1996இல் ருபெல்லா ஊசியைத் தொடங்கியது. நோயை ஒழித்துவிட்டதை 2020இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. கருவில் உள்ள உயிர் மீது அக்கறை கொண்ட எவரும் இந்த ஊசியால் காப்பாற்றப்பட்ட பிள்ளைகளை மறந்துவிட்டு வாதிட முடியாது.

சமயத் தலைமைகளும் இதை உணர்ந்தே பேசின. மாற்று இல்லாதபோது இத்தகைய ஊசியைப் போடலாம் என்று வத்திக்கான் 2005இலும் 2020 டிசம்பரிலும் சொன்னது. புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த சின்னமுத்து-ருபெல்லா ஊசியை, பன்றி சார்ந்த பொருளுக்காக ஹராம் என்ற இந்தோனேசிய உலமா பேரவையும், 2018இல் கட்டாயத் தேவை கருதி அதை அனுமதித்தது. வத்திக்கானின் தீர்ப்புக்கு மறுபாதி ஒன்று உண்டு: மாற்று ஊசியைக் கேட்டு அரசையும் கம்பனியையும் நெருக்க வேண்டும். அனுமதி எல்லார் காதிலும் விழுந்தது, கடமை விழவில்லை. அதைக் கிளினிக்கில் நிற்கும் தாயின் தலையில் ஏற்றவும் முடியாது. மருந்தைக் கொள்வனவு செய்யும் அரசுகளால்தான் கேட்க முடியும். ஜப்பான் முயலின் சிறுநீரகக் கலங்களில் ருபெல்லா ஊசி தயாரித்துக் காட்டியிருக்கிறது. நாமோ 2021இல் கொவிட்டுக்கு எச்.இ.கே.293 சிசுக் கலவழியில் உருவான கோவிஷீல்டையும் குரங்குக் கலத்தில் வளர்ந்த சைனோபாமையும், எது வந்ததோ அதைப் போட்டுக்கொண்டோம்.

எனக்கு அதிகம் உறுத்துவது சம்மதம். அந்தச் சுவீடன் பெண்ணிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. அவருடைய வயிற்றிலிருந்து வந்தது கடல் கடந்து போய் ஆய்வுப் பொருளானது, விற்பனைப் பொருளும் ஆனது. கருக்கலைப்பைச் சரி என்பவரும் தவறு என்பவரும் ஒருசேரக் கண்டிக்க வேண்டிய குறை இது. அந்தக் காலத்து வழக்கம் அப்படி என்பது விளக்கம் மட்டுமே.

எல்லாம் அறுபது வருடத்துக்கு முன் முடிந்த கதை, இனிப் புதுக் கரு தேவையில்லை என்ற வாதமும் முழுக்க நிற்காது. இத்தகைய கலங்கள் ஏறத்தாழ ஐம்பது தடவைக்கு மேல் பிரிவதில்லை என்று கண்டவரே ஹேஃப்லிக்தான். கையிருப்பு ஒருநாள் தீரும். சீன ஆய்வாளர்கள் ஒன்பது சிசுக்களை ஆராய்ந்து ஒன்றைத் தேர்ந்து, வால்வாக்ஸ்-2 என்ற புதிய கலவழியை 2015இல் அறிவித்தார்கள். தடுப்பூசிக்கென்றே தேடித் தெரிவுசெய்தது அது. எம்.ஆர்.சி.-5க்குச் சொன்ன நியாயத்தை இதற்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. அனுமதி தந்தவர்கள் இதற்குத் தனியாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஊசி எந்தக் கலத்தில் வளர்ந்தது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கிளினிக்கில் வைக்கலாம். சொன்னால் சனம் பயந்துவிடும் என்பார்கள். இதே செய்தி பாதி திரிந்து வாட்ஸ்அப்பில் வரும்போதுதான் பயம் பெருகும். அப்போது பதில் சொல்ல நிற்பது குடும்பநல உத்தியோகத்தர். அவர் கையில் உண்மையை முன்கூட்டியே கொடுத்துவைப்பது சுகாதார அமைச்சின் பொறுப்பு.