எண்பது இடங்களுக்குள் ஒரு வங்கி

குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ராக்கெட்டை வரவேற்கும் ஊரிலும், கைபேசி வழியே பணம் அனுப்பத் தயங்குவோர் உண்டு. படிப்பறிவு போதாது, வீண் பயம் என்று அவர்கள்மீதே பழி போடுவது வழக்கம். அது சரிதானா?

இணைய வசதியில்லாத சாதாரணக் கைபேசிக்கென 2014-இல் நாடெங்கும் வந்த *99# சேவையை எடுத்துக்கொள்வோம். பல வங்கிகளை ஒரே எண்ணில் இணைத்ததும், தமிழுக்கு இடம் தந்ததும் பாராட்டுக்குரியவை. 2022-இல் இதற்கான கட்டணமும் நீக்கப்பட்டது. ஆயினும் குறை அடிப்படையிலேயே இருக்கிறது.

இம்முறையில் ஒரு செய்தியின் கொள்ளளவு 1,280 பிட்டுகள். ஆங்கில எழுத்துக்கு 7 பிட்டுகள் போதும். எனவே 182 எழுத்துகள் அடங்கும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட்டுகள் தேவை. 80 இடங்களே கிடைக்கும். அதிலும் 'கு' என்பது ககரமும் உகரக் குறியுமாக இரண்டு இடங்களைப் பிடிக்கும். 'குலசேகரன்பட்டினம்' என்னும் 11 எழுத்துப் பெயருக்கே 17 இடங்கள் போய்விடும்! எஞ்சியதில் விளக்கமும் எச்சரிக்கையும் எப்படி அடங்கும்? மேலும், பதில் தரத் தாமதித்தால் தொடர்பு அறுந்துவிடும். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் என்ன செய்வார்?

2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த '123பே' முறையில் குரல்வழிச் சேவையும் உண்டு. பேச்சுக்கு இந்த இட நெருக்கடி இல்லை. அவ்வழியே வளர வேண்டும். தயங்குபவரைக் குறை கூறுமுன் கருவியை அளந்து பார்ப்பது நல்லது.