இருவர் முகமும் மூன்றாமவர் இன்மையும்: செப்டம்பர் 11 தாய்-சேய்த் திட்டம் குறித்த திறனாய்வு

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் கணவரை இழந்த பெண்களுள் கருவுற்றிருந்தோரும் கைக்குழந்தை உடையோரும் இருந்தனர். அவர்களுக்கு நியூயார்க் உளச்சிகிச்சையாளர் குழு ஒன்று ஊதியம் பெறாது பத்தாண்டுகள் ஆற்றிய பணி 2012-இல் நூலாக வெளிவந்தது. பியாட்ரிஸ் பீபி, ஃபிலிஸ் கோஹன், மார்க் சாசின், சாரா மார்க்கீஸ் ஆகியோர் பதிப்பித்த அந்நூல், துணைத்தலைப்பில் தன்னை ‘முதல்நிலைத் தடுப்புத் திட்டம்’ என்கிறது. அச்சொல் ஆய்வுக்குரியது.

துயருற்ற தாயின் உள்ளம் குழந்தையை விட்டு விலகும் என்பது உளப்பகுப்பாய்வில் வேரூன்றிய கருத்து. உயிரோடிருந்தும் உள்ளத்தால் அகன்றுவிட்டவளை ஆந்த்ரே கிரீன் ‘இறந்த தாய்’ என்றார். பீபி குழுவினர் கண்டது வேறு. தாயையும் சேயையும் எதிரெதிரே அமர்த்தி, இரு கேமராக்களால் இரு முகங்களையும் பதிவுசெய்து, ஒரே திரையில் அருகருகே வைத்து நொடிநொடியாக ஆராய்வது பீபியின் முறை. இவ்வழியில் கருவுற்ற நிலையில் கணவரை இழந்த தாயரை ஆராய்ந்து 2020-இல் ‘இன்ஃபன்சி’ ஆய்விதழில் வெளியான கட்டுரை, தாயும் சேயும் ஒருவரையொருவர் மிகையாகப் பற்றிக்கொள்ள முயல்வதையே முதன்மைப்படுத்தியது. அதன் தலைப்பிலுள்ள கலைச்சொல்லைத் ‘தவிப்புமிகு ஈடுபாடு’ எனலாம். ‘அவசரம்’ என்று பெயர்த்தால் பரபரப்பு மட்டுமே எஞ்சும்.

ஆனால் அதே தலைப்பின் பிற்பகுதி ‘அதிர்ச்சியின் கடத்தல்’ என்கிறது. கடத்தல் என்பது ஒருவழிச் சொல். தாய் தருபவள், சேய் பெறுவது. தாயும் சேயும் ஒருவரையொருவர் நெறிப்படுத்துகின்றனர் என்று பல்லாண்டுகளாக நிறுவிவந்த பீபியின் கோட்பாட்டிற்கே இது பொருந்தவில்லை. சேயின் நாட்டத்தைத் தாயிடமிருந்து தொற்றிய குறியாகவே படிக்க வேண்டியதில்லை. தாயை மீட்கும் முயற்சியாகவும் படிக்கலாம்.

திரையின் இரு பாதிகளில் மூன்றாமவருக்கு இடமில்லை. சேயின் முகத்தை உற்றுநோக்கும் தாய் அதில் கணவரின் சாயலைத் தேடுகிறாளா என்பதை நோக்கின் கால அளவு சொல்லாது. மழலையரைச் சூழும் ‘ஆவிகள்’ பற்றி செல்மா ஃப்ரைபெர்க் 1975-இலேயே எழுதிய துறையில் இவ்விடுபடல் சிறிதன்று. பதிவைத் தாயுடன் அமர்ந்து பார்த்து உரையாடும் சிகிச்சைப் பகுதியிலேயே இறந்தவர் உள்ளே வர வழி திறக்கிறது. நூலின் வலிமையும் அங்குதான் உள்ளது. அளவீடு அவ்வுரையாடலுக்கு வாயில் மட்டுமே.

இனி ‘தடுப்பு’. 2020-ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஒப்பீடு அவ்விழப்புக்கு ஆளாகாத தாயரோடு செய்யப்பட்டது. அது இழப்பின் விளைவைக் காட்டும். சிகிச்சையின் விளைவைக் காட்டாது. அதற்கு உதவி பெறாத கைம்பெண் தாயர் குழு ஒன்று வேண்டும். அத்தகைய நாளில் எவருக்கும் உதவியை மறுத்து ஒப்பீட்டுக் குழு அமைப்பது அறமாகாது. எனவே நிறுவ இயலாத ‘தடுப்பு’ என்னும் உரிமைகோரலை விடுத்து, ‘துணைநிற்றல்’ என்றே பதிப்பாசிரியர்கள் தம் பணிக்குப் பெயரிட்டிருக்கலாம்.