கபாடபுரத்தின் கட்டடங்கள்: கற்பனை நாடொன்றை வாசித்தல்

ஜோகூர் மாநிலத்தின் காஹாங் வட்டாரத்தில் தமிழாசிரியர் சிலருடன் உரையாடும் வாய்ப்பு நமக்கு அண்மையில் கிட்டியது. அவர்கள் காட்டிய மாணவர் கட்டுரையொன்று குமரிக்கண்டத்தின் பண்பாடு, கட்டடக் கலை, மெய்யியல் ஆகியவற்றை மூன்று தலைப்புகளில் விரித்துரைத்தது. எழுநிலை மாடங்கள், பொற்கூரை வேய்ந்த அரங்குகள், சாதியற்ற சமுதாயம் என எதற்கும் குறைவில்லை, மொழிநடையும் பாராட்டத்தக்கது. சான்று மட்டும் எங்கும் இல்லை. மாணவரைக் குறைகூறல் தகாது. நம் மேடைகளில் கேட்டதையே அவர் எழுதியுள்ளார்.

மூலங்கள் உண்மையில் எவ்வளவு தருகின்றன? சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார், பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவத அளவில் நிலம் கிடந்ததென்றும் அதில் 49 நாடுகள் இருந்தனவென்றும் கூறுகிறார். ஏழ்தெங்க நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்குறும்பனை நாடு என அப்பெயர்களுட் பல தென்னையும் குன்றும் பனையும் பற்றியவை. கட்டடம் ஒன்றேனும் இல்லை. கபாடபுரம் என்னும் பெயரிலுள்ள கபாடமாகிய கதவு ஒன்றே நமக்குக் கிடைக்கும் கட்டடக் கூறு எனலாம். கதவைக் கொண்டு நகரையே எழுப்பியவர்கள் பிற்காலத்தவர். புதுமைப்பித்தனும் நா. பார்த்தசாரதியும் கபாடபுரம் என்ற தலைப்பிலேயே எழுதினர். ஆனால் அவர்கள் அவற்றைப் புனைகதை என்றே அளித்தனர்.

இறையனார் அகப்பொருள் உரை முச்சங்கங்களுக்கு முறையே 4440, 3700, 1850 ஆண்டுகளைக் குறிக்கிறது. இம்மூன்றும் 37 என்னும் எண்ணின் 120, 100, 50 மடங்குகள். இவ்வொழுங்கு வரலாற்றுக்குரியதன்று, காப்பிய மனத்துக்குரியது. ஆயினும் அவ்வுரையைப் பொய்யென்று ஒதுக்குவதும் மேம்போக்கான வாசிப்பே. அது விரிவாகப் பட்டியலிடுவது மாடங்களையன்று, நூல்களை: முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை, பூதபுராணம், இசைநுணுக்கம். கடல்கொண்ட நாடு என்பது உரையாசிரியருக்கு இழந்த நூலகத்தின் பெயராகவே இருந்தது என்று கருதுகிறோம்.

அந்நாட்டைக் கண்டமாக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டு. லெமூர் விலங்கினம் பரவியிருந்த வகையை விளக்க 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் லெமூரியா என்னும் நிலப்பரப்பைக் கற்பித்தார். அடியார்க்கு நல்லார் உரையுடன் உ.வே. சாமிநாதையரின் சிலப்பதிகாரப் பதிப்பு 1892இல் வெளிவந்தது. பின்னர் இரண்டும் ஒன்றெனப் பேசப்பட்டன. 1960களில் நிலத்தட்டு நகர்வுக் கொள்கை நிலைபெற்றபின் அறிவியல் லெமூரியாவைக் கைவிட்டது; நாம் கைவிடவில்லை.

இதில் முரண் ஒன்றுண்டு. காஹாங்கிலிருந்து கிழக்கே சென்றால் மெர்சிங் கடற்கரை. அங்குத் தொடங்கும் ஆழங்குறைந்த கடலடி, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றையதினும் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, தீபகற்பத்தையும் போர்னியோவையும் இணைத்த நிலமாகும். புவியியலார் அதனைச் சுண்டாலாந்து என்பர். மெய்யாகவே கடல்கொண்ட நிலம் அம்மாணவரின் வாயிலிலேயே இருக்க, அவர் கட்டுரையில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

இன்னொரு நிலமும் இல்லை. ஜோகூரின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின, சில விற்கப்பட்டன, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். லயங்கள், பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில் என்னும் அமைப்புக்கு ஓர் ஒழுங்கும் பொருளும் உண்டு. யார் எவ்வரிசையில் குடியிருந்தனர் என்பதில் சாதியும் வேலைத்தரமும் படிந்திருக்கும். அது நமது கட்டடக் கலை வரலாறு. அதனை நினைவிலிருந்து சொல்லக்கூடியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். குமரிக்கண்டத்தைப் பற்றிய கட்டுரை பத்தாண்டு கழித்தும் எழுதப்படலாம். இதற்கு அந்த அவகாசம் இல்லை.

இதனைக் கூறியபோது ஆசிரியர்களுள் ஒருவர், தாம் பிறந்த தோட்டத்தின் பெயர் இன்று எந்த அறிவிப்புப் பலகையிலும் இல்லை என்றார். பின்னர் மாணவரின் கட்டுரைத்தாளைத் திருப்பி, அதன் பின்புறத்தில் அத்தோட்டத்தை வரையத் தொடங்கினார். முதலில் கோயிலை வரைந்தார்; அடுத்துக் கிணற்றை.